மஞ்சள் வீட்டுக்கு வழி

வல்பரைசோ
8 ஜூலை 1973

அன்புள்ள அக்கா,

இங்கே இருவரும் நலம். நீயும் மரிட்சாக்குட்டியும் நலமா? அத்தானையும் விசாரித்ததாகச் சொல். அவர் "ம்" என்பார். அந்த "ம்"மையும் அடுத்த கடிதத்தில் எழுது. என் கல்யாணத்துக்குச் சீருடையோடு வந்து, மாப்பிள்ளை கையில் சாயம் ஒட்டியிருக்கிறது என்று கை குலுக்காமல் போன மனிதர் அல்லவா! அவரிடமிருந்து "ம்" வந்தாலே எனக்குப் பெரிய சீர்வரிசை.

வருகிறேன் வருகிறேன் என்று எத்தனை வருடமாக ஏமாற்றுவாய்? இந்தச் செப்டம்பர் சுதந்திரத் திருநாள் விடுமுறைக்குக் கட்டாயம் வா. குழந்தைக்குக் கடலைக் காட்ட வேண்டாமா?

வழி சொல்கிறேன், கேட்டுக்கொள். துறைமுக நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கு. எதிரே குன்றேறும் இழுவைப் பெட்டி இருக்கும். கிரீச்சிடும், பயப்படாதே, என் வயதுக்கு அது விழுந்ததில்லை. மேலே போனதும் யாரிடமும் கதவு எண்ணைக் கேட்காதே, சிரிப்பார்கள். இந்தக் குன்றுகளில் எண் எவனுக்குத் தெரியும்? தபால்காரருக்கே நிறம்தான் முகவரி. "மரிபோசாஸ் குன்று, மஞ்சள் வீடு, நீலக் கதவு" என்று கேள். நாய்கூட வந்து காட்டும்.

போன மாதம்தான் கஸ்தோன் அந்த மஞ்சளை அடித்தார். அவர் முகப்பில் பெயர் எழுதிக் கொடுத்த ஒரு டென்மார்க் கப்பலின் மிச்சச் சாயம். இந்த ஊரில் பாதி வீடு கப்பல் மிச்சத்தில்தான் மினுக்குகிறது. எங்கள் தகரச் சுவரில் மதிய வெயில் பட்டால் எனக்கே கண் கூசுகிறது.

உன் தங்கை புருஷன் சும்மா இருக்கிறவரா? எங்கள் சந்துப் படிக்கட்டு முழுக்கப் படிக்கு ஒரு வரியாகக் கவிதை எழுதிவிட்டார், அவரும் நண்பர்களும் சேர்ந்து. ஏறினால் கவிதை, இறங்கினால் உளறல். துறைமுகக் கூலிக்காரர்களைப் பற்றிய கவிதை. பக்கத்து மதிலில் அவர்களின் முகங்கள், ஆளுயரத்துக்கு. சனிக்கிழமைகளில் நான் வேலை செய்யும் புத்தகக் கடையின் பின்கட்டுக்கு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கிதாரோடு வந்து பாட்டுக்கு எதிர்ப்பாட்டுக் கட்டுவார்கள். முதலாளி மெலித்தோன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவார். நீ வந்தால் உன்னையும் பாட வைப்பேன்.

ஒரே ஒரு விஷயம்தான் மனதை அரிக்கிறது. தலைநகரில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்து டாங்கிகள் வந்து போன பிறகு, ஒரு ஆள் வந்து எங்கள் படிகளையெல்லாம் புகைப்படம் எடுத்தான். "எந்தப் பத்திரிகைங்க?" என்று கஸ்தோன் கேட்டாராம். "பத்திரிகை இல்லைங்க, ஞாபகத்துக்கு" என்றானாம். யாருடைய ஞாபகத்துக்கு என்று தெரியவில்லை.

உன் தங்கை,
எர்சிலியா


சில்யான்
22 ஜூலை 1973

என் செல்ல எர்சிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். மரிட்சா அந்த இழுவைப் பெட்டியை நான்கு முறை படிக்கச் சொன்னாள். நீ கேட்ட "ம்" கிடைத்தது, மேலே கொசுறும் கிடைத்தது. உன் அத்தான் சூப்பை நிறுத்திவிட்டு, "நல்லா வழி சொல்லத் தெரியுது உன் தங்கச்சிக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அவர் இப்போதெல்லாம் ராணுவப் பாளையத்திலேயே தங்கிவிடுகிறார். வந்தாலும் பூட்ஸைக் கழற்றாமல் உட்காருகிறார். கேட்டால், "சார்ஜெண்டான எனக்குச் சொல்றதே பாதி, பொண்டாட்டிக்கு என்னத்தைச் சொல்ல" என்கிறார்.

நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் வீட்டுக்காரரைப் படம் எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல். கப்பல் பெயரை எழுதட்டும், பூ எழுதட்டும், மீன் எழுதட்டும். மதிலில் மனிதர்களின் முகம் எதற்கு? முகம் என்றால் இது யார் என்று கேட்பார்கள்.

இந்த ஊர்த் தொத்திறைச்சியும் சீமைமாதுளைப் பாகும் அனுப்புகிறேன். வரிசையில் நின்று வாங்கியது, வீணாக்காதே. செப்டம்பரில் நாங்கள் வருகிறோம். பெட்டிகூட இறக்கிவிட்டேன்.

உன் அக்கா,
ஓத்திலியா


வல்பரைசோ
19 ஆகஸ்ட் 1973

அன்புள்ள அக்கா,

தொத்திறைச்சி வந்தது. பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், திட்டாதே. அபெலினோ மாமாவையும் க்ளோரிந்தா அத்தையையும் உனக்கு எழுதியிருக்கிறேனா? மாமா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்ந்தவர். பெரிய கப்பலையெல்லாம் கட்டி இழுத்த மனிதர், வீட்டில் அத்தை சொன்னபடி நடக்கிறார். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல, துருப்பிடித்த வெறும் தகரம். "உன் வீட்டு மஞ்சளைப் பாத்துப் பாத்து என் பொண்டாட்டி என்னை வையறாடா" என்று கஸ்தோனிடம் தினம் ஒரு பாட்டு.

வேலைநிறுத்தத்தால் லாரிகள் ஓடவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, மாவு இல்லை. போன வாரம் யாரோ வந்து படிக்கட்டுக் கவிதையின் மேல் தாரை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். மதிலில் இருந்த முகங்களில் கண்களை மட்டும் சுரண்டியிருந்தார்கள். கஸ்தோன் மறுநாளே உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகத் திரும்ப எழுதினார். "வேண்டாம்னு அக்கா எழுதியிருக்கா" என்றேன். "உங்கக்கா பயப்படறாங்களா, உங்கத்தான் பயமுறுத்தறாரா?" என்றார்.

சனிக்கிழமைப் பாட்டுக்கு ஆள் குறைந்துவிட்டது. மெலித்தோன் சில புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வைத்தது யாருக்கும் தெரியக் கூடாது என்று காலி இடத்தில் பூந்தொட்டிகளை வைத்தார். இப்போது கடை பார்க்கச் சாவு வீடு மாதிரி இருக்கிறது.

அத்தானுக்கு ஏதாவது தெரியுமா அக்கா? பயமாக இருக்கிறது. வெளிப்படையாகவே கேட்கிறேன்.

எர்சிலியா


சில்யான்
1 செப்டம்பர் 1973

எர்சி,

நாங்கள் வரவில்லை. "எந்த மாசம் வேணும்னாலும் போ, இந்த மாசம் மட்டும் வேணாம்" என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். மரிட்சா அழுது ஓய்ந்துவிட்டாள். பெட்டியை மறுபடி பரணில் போட்டுவிட்டேன்.

நீங்கள் இருவரும் உடனே கிளம்பி இங்கே வந்துவிடுங்கள். கஸ்தோன் இந்த ஊரில் கடைப் பலகை எழுதட்டும். காரணம் கேட்காதே, எனக்கும் தெரியாது. தெரிவதெல்லாம் இவர் முகம்தான். இவரையும் இன்னும் சிலரையும் வரும் வாரம் உங்கள் ஊருக்கே காவலுக்கு அனுப்புகிறார்களாம்.

அதைக் கேட்டதும் நேராகவே சொல்லிவிட்டேன்: "அங்கே என்ன வேணும்னாலும் நடக்கட்டும். மரிபோசாஸ் குன்றுல மஞ்சள் வீடு, அது என் தங்கச்சி வீடு. அந்த வீட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது." அவர் கோபப்படவில்லை எர்சி. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, "கதவு என்ன நிறம்னு சொன்னே?" என்று பொறுமையாகக் கேட்டார். நீலம் என்றேன். எழுதிக்கொண்டார்.

உன் வீட்டுக்கு ஒரு காவல் போட்டுவிட்டேன் என்று அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். இருந்தாலும் வந்துவிடுங்கள்.

உன் அக்கா,
ஓத்திலியா


வல்பரைசோ
3 செப்டம்பர் 1973

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இந்த லாரி வேலைநிறுத்தத்தில் தபாலும் படுத்துவிட்டது. இது எப்போது உன் கைக்கு வருமோ!

பயந்து பயந்து எழுதி அலுத்துவிட்டது. இன்று ஒரு நல்ல சேதி. வரும்போது மஞ்சள் வீட்டைக் கேட்காதே. எங்கள் வீடு இப்போது செங்கல் சிவப்பு, வெள்ளைக் கதவு! போன புயலில் கடல் பக்கத்துச் சுவரில் மஞ்சள் உரிந்து தொங்கியது. மிச்சமிருந்த டப்பா முழு வீட்டுக்கும் காணாது. ஒரு கிரேக்கக் கப்பலின் அடிப்பாகத்துக்கு அடித்த சிவப்பு நிறையக் கிடைத்தது. கஸ்தோன் அதையே அடித்துவிட்டார்.

மிச்ச மஞ்சளை அபெலினோ மாமாவுக்குக் கொடுத்தோம். அவர் வீடு சின்னது, தாராளமாகப் போதும். க்ளோரிந்தா அத்தை விடவில்லை. "அச்சு அசலா உங்க வீடு மாதிரியே வேணும். கதவும் நீலம்தான். இல்லேன்னா வேணாம்" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். கஸ்தோன் கதவையும் நீலமாக்கிக் கொடுத்தார். மாமா மறுநாள் மீன் பிடிக்கப் படகில் போய்விட்டு வந்து, "டேய், வளைகுடா நடுவுலேருந்து என் வீடு தெரியுதுடா!" என்று குழந்தை மாதிரி குதித்தார். நாங்கள் வெகு நாளைக்கப்புறம் சிரித்தோம்.

திருநாளுக்கு இறைச்சி அடைத்த எம்பனாதா செய்ய எப்படியாவது மாவு தேடுகிறேன். வா.

உன் தங்கை,
எர்சிலியா


வல்பரைசோ
29 செப்டம்பர் 1973

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. க்ளோரிந்தா அத்தையின் தம்பி ரயிலில் வேலை செய்கிறார், அவர் கொண்டுவருகிறார். படித்ததும் அடுப்பில் போடு.

பதினோராம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது உனக்கும் தெரியும். அதற்கடுத்த நாட்களில் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு எங்கள் கையாலேயே படிகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார்கள். மதில் முகங்களுக்கும் அடித்தோம். மெலித்தோன் தன் புத்தகங்களைத் தானே குளியலறையில் எரித்துவிட்டு, புகையில் இருமிக்கொண்டு எங்களிடம் மருந்து கேட்டு வந்தார்.

இருபதாம் தேதி விடியற்காலையில் எங்கள் சந்துக்குள் வந்தார்கள். கஸ்தோன் வீட்டில்தான் இருந்தார். நான் ஜன்னல் ஓரம் நின்றேன். எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள் அக்கா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டின் நீலக் கதவை உதைத்தார்கள்.

"கஸ்தோன் நீதானே?"

"நான் அபெலினோங்க. இழுவைப் படகு ஓட்டினவன்."

"மஞ்சள் வீடு, நீலக் கதவு. சரியாத்தான் இருக்கு. படம் எழுதறவன் நீ இல்லேன்னா வேற எவன்?"

மாமா என் ஜன்னலைப் பார்த்தார். எங்கள் வீட்டைக் காட்ட அவருக்கு ஒரு விரல் போதும். அவர் கையைத் தூக்கவில்லை. "இந்தக் குன்றுல எல்லாரும்தான் சாயம் அடிக்கறாங்க" என்று மட்டும் சொன்னார். உள்ளாடையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தை அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

அன்றே கஸ்தோன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். எங்கே என்று உனக்கு எழுத மாட்டேன்.

நேற்றுத்தான் உன் ஒன்றாம் தேதிக் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். பென்சில் எடுத்தார் என்று எழுதியிருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடு சிவப்பு என்று இந்தக் குன்றில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் மஞ்சள் என்று நினைத்திருந்தது நீங்கள் இருவர்தான்.

நீ காவல் போட்டதாக நினைத்தாய். நம்புகிறேன். இப்போது சண்டை போட எனக்கு நேரமில்லை. பிடித்தது வேறு ஆள், ஒரு பாவமும் அறியாத கிழவர் என்று அத்தானிடம் சொல். மாமாவை விட வைத்துவிடு. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு.

எர்சிலியா


சில்யான்
7 அக்டோபர் 1973

என் எர்சிக்கு,

சிவப்பு அடித்ததாக நீ எழுதிய கடிதம் போன செவ்வாய்தான் எனக்கு வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் என்று நினைத்து, பிறகு அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டேன். வந்திருந்தால் சிவப்பு என்று சொல்லியிருப்பேன் அல்லவா! எனக்கு மூளை வேலை செய்யவில்லை. நான் நல்லதற்குத்தான் சொன்னேன், கன்னி மாதா அறிவாள்.

உன் அத்தான் இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தார். காலில் விழாத குறையாகக் கேட்டேன். நான் சொன்ன பேச்சால் கஸ்தோனைத் தேடவில்லையாம், பெயர் ஏற்கெனவே அவர்களிடம் இருந்ததாம், வீடுதான் தெரியாமல் இருந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு என் அழுகையைப் பார்த்து இறங்கி வந்தார். "கிழவனை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? அவன் வந்தா இவன் வெளியே. ரெண்டு நாள் கேள்வி கேட்டுட்டு அனுப்பிருவோம். என் சகலைதானே, நானே கூட்டிட்டு வந்து விடறேன்" என்றார். மரிட்சா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார் எர்சி. அந்தக் குழந்தை மேல் அவருக்கு உயிர்.

கஸ்தோன் எங்கே இருக்கிறார் என்று எனக்கு மட்டும் எழுது. ஒரு கிழவரின் உயிர் அல்லவா? இரண்டே நாள். பிறகு எல்லோரும் இங்கே வந்துவிடலாம். அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஓத்திலியா


வல்பரைசோ
24 அக்டோபர் 1973

அக்கா,

இடத்தை நான் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தைக் கஸ்தோனிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் க்ளோரிந்தா அத்தையின் இருமலைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அதுதான் காரணம்.

அவர் முகம் வழித்தார். கையில் இருந்த சாயத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். வீட்டு வழியாக வந்து அத்தையிடம் சொல்லிக்கொண்டார். அத்தை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"போகாதேடா! நீ போனா ரெண்டு பேரும் உள்ளே இருப்பீங்க. அவங்க பேச்சை நம்பறியா?"

"நம்பலை அத்தை. ஆனா மாமா அன்னிக்கு விரலைத் தூக்கலையே."

படியிறங்கிப் போய்விட்டார். நான் கீழே ஊருக்குள் அவர்களின் பாளையம் வரைக்கும் கூடப் போனேன். வாசலில் தன் பெயரையும் வீட்டு நிறத்தையும் சொன்னார். சிவப்பு என்று சொன்னார்.

உன் புருஷன் பாதி வாக்கைக் காப்பாற்றினார். அபெலினோ மாமா வந்துவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், யாராவது கதவைத் தட்டினால் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே கஸ்தோனைப் பார்த்தாரா என்று கேட்டால் அத்தையின் முகத்தைப் பார்க்கிறார்.

இரண்டு நாள் என்றாயே. நான் தினமும் கம்பளிச் சட்டையோடும் ரொட்டியோடும் அந்த வாசலுக்குப் போகிறேன். "அப்படி ஒரு பேரு இங்கே இல்லம்மா" என்கிறார்கள். என் கண் முன்னால் உள்ளே போன ஆள். நேற்று ஒருவன், "உன் புருஷன் வேற எவளோடயாவது போயிருப்பான்" என்றான். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் நிறையப் பேர் நிற்கிறோம்.

கஸ்தோன் எங்கே என்று நீ என்னிடம் கேட்டாய். இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். உன் புருஷனைக் கேட்டு எழுது. அந்த ஒரு பதிலைத் தவிர வேறு எந்த ஆறுதலையும் எழுதாதே. அறை சுத்தமாக இருக்கிறது என்று எழுதாதே.

எர்சிலியா


சில்யான்
4 நவம்பர் 1973

எர்சி,

கேட்டேன்.

முதல் நாள் கேட்டபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இரண்டாம் நாள், "உனக்கு எதுக்கு?" என்றார். நேற்று மரிட்சாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் முன்னால் நின்றேன். "அந்த வீட்டைத் தொடாதேன்னுதானே நான் சொன்னேன்?" என்றேன்.

"மஞ்சள்னு சொன்னதே நீதானே" என்றார்.

"குழந்தை தலையில கை வெச்சுச் சொன்னீங்களே!"

"கிழவன் வந்தானா இல்லையா?"

"கஸ்தோன் எங்கே?"

நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பூட்ஸைக் கழற்றினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வீட்டுக்குள் பூட்ஸைக் கழற்றியது அப்போதுதான். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "ரொட்டி கொண்டு போறாளாமே. வேணாம்னு எழுது."

எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். கடல் பெரிசு என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, என்னால் முடியவில்லை.

நீ கேட்ட ஒரு பதில் இதுதான். வேறெதுவும் எழுதாதே என்றாய், எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நாளையிலிருந்து அந்த வாசலில் போய் நிற்காதே.

ஓத்திலியா